வேலி போட்ட காட்டுக்குள் காணாமல் போன தங்கத் தேரை

இந்த எபிசோடுல நாம போகப்போறது கோஸ்டா ரிக்காவுக்கு. மத்திய அமெரிக்காவுல, நிகராகுவாவுக்கும் பனாமாவுக்கும் நடுவுல இருக்குற குட்டி நாடு. ஒரு பக்கம் கரீபியன் கடல், இன்னொரு பக்கம் பசிபிக். நடுவுல முதுகெலும்பு மாதிரி மலைத்தொடர். அந்த நாட்டோட வடமேற்குல, திலாரான் மலைகள்ல, மோன்தேவேர்தேன்னு ஒரு காடு இருக்கு. ஸ்பானிஷ்ல அதுக்கு "பச்சை மலை"ன்னு அர்த்தம்.

நாம பார்க்கப்போற கேள்வி இதுதான். மரம் வெட்ட முடியாது, வேட்டையாட முடியாது, காவலுக்கு ஆள் இருக்கு. அப்படி வேலி போட்டுப் பாதுகாத்த ஒரு காட்டுக்குள்ள, ஓர் உயிரினம் மொத்தமா ரெண்டே வருஷத்துல எப்படிக் காணாமப் போச்சு? வெளியாள் யாரும் உள்ள வராத வீட்டுல கொலை நடந்த கதை மாதிரி இது.

ஆனா இந்தக் கதை காட்டுல தொடங்கல. ஒரு ஜெயில்ல தொடங்குது.

ஜெயிலில் இருந்து மலைக்கு

1948-ல அமெரிக்கா, இளைஞர்கள் எல்லாரும் ராணுவத்துக்குப் பேர் பதியணும்னு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அப்போ அலபாமா மாநிலத்துல ஃபேர்ஹோப்னு ஒரு ஊர்ல குவேக்கர்கள் கொஞ்சம் பேர் இருந்தாங்க. குவேக்கர்கள்னா கிறிஸ்தவத்துல ஒரு பிரிவு. எந்தப் போரா இருந்தாலும் அதுல பங்கெடுக்கக் கூடாதுங்கறது அவங்க நம்பிக்கையோட அடிப்படை. அந்த ஊர் இளைஞர்கள் நாலு பேர் பேர் பதிய மறுத்தாங்க. 1949-ல அவங்களுக்கு ஒரு வருஷமும் ஒரு நாளும் சிறைத் தண்டனை கிடைச்சது. சில மாசத்துல வெளிய விட்டுட்டாங்க. ஆனா அதுக்குள்ள அந்தக் குடும்பங்கள் ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க: நாம கட்டுற வரி போருக்குப் போற நாட்டுல இனி இருக்க வேண்டாம்.

எங்க போறது? சரியா அதே சமயத்துல, 1948 டிசம்பர் 1-ஆம் தேதி, உள்நாட்டுப் போர் முடிஞ்ச கையோட, கோஸ்டா ரிக்காவோட தலைவர் ஹோசே ஃபிகேரெஸ் தன் நாட்டு ராணுவத்தையே கலைச்சிட்டார். ராணுவமே இல்லாத நாடு! குவேக்கர்களுக்கு இதைவிட நல்ல விலாசம் கிடைக்குமா? நாற்பத்திச் சொச்சம் பேர் கிளம்பி வந்தாங்க. 1951-ல திலாரான் மலை மேல சுமார் 1,400 ஹெக்டேர் நிலம் வாங்கினாங்க. மாட்டு வண்டித் தடத்தைத் தவிர வேற பாதை கிடையாது. அந்த இடத்துக்கு மோன்தேவேர்தேன்னு பேர் வச்சதும் அவங்கதான்.

பிழைப்புக்கு மாடு வளர்த்தாங்க. ஆனா பாலைக் கறந்து அந்தப் பாதையில கீழ கொண்டுபோய்ச் சேர்க்கறதுக்குள்ள திரிஞ்சுபோயிடும். அதனால பாலைச் சீஸா மாத்தினாங்க. மெதுவாப் போனாலும் கெடாத சரக்கு.

இங்கதான் அவங்க எடுத்த ஒரு முடிவு முக்கியமாகுது. வாங்கின நிலத்துல மூணுல ஒரு பங்குக்கும் மேல, சுமார் 554 ஹெக்டேரை, வெட்டாம விட்டாங்க. காட்டு மேல இருந்த காதலால இல்லை. ஊருக்குத் தண்ணி அந்த உச்சியில இருந்துதான் வருது. மேல மரத்தை வெட்டினா கீழ குழாயில தண்ணி வராதுன்னு விவசாயிகளான அவங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மேகத்தைப் பிழியும் மரங்கள்

ஏன் அப்படி? ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த தண்ணி பாட்டிலை மேஜை மேல வச்சா வெளிப்பக்கம் வேர்க்கும் இல்லையா? காத்துல இருக்குற ஈரம் குளிர்ந்து நீராகுது. மோன்தேவேர்தே மலையும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்யுது. கரீபியன் கடல்ல இருந்து வர்ற ஈரக்காத்து மலையில மோதி மேல ஏறும்போது குளிர்ந்து மேகமாகுது. அந்த மேகம் வானத்துல நிக்கறதில்லை, மரங்களுக்கு நடுவுல நுழைஞ்சு போகுது. இலை, பாசி, கிளையில ஒட்டி வளர்ற செடிகள் எல்லாமே அந்த மேகத்தைச் சீப்பு மாதிரி வாரி, நீரைப் பிடிச்சுச் சொட்டுச் சொட்டா தரைக்கு இறக்கும். மழையே பெய்யாத நாள்லயும் காட்டுக்குள்ள தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும். இதுக்குப் பேர்தான் மேகக்காடு.

ஒரு மரத்து மேல இன்னொரு தோட்டமே தொங்குற இடம் அது. அந்த வட்டாரத்துல 2,500-க்கும் மேற்பட்ட தாவர வகைகள் இருக்கு. அதுல ஆர்க்கிட் மட்டுமே 400-க்கு மேல. பறவைகள் சுமார் 400 வகை, பாலூட்டிகள் சுமார் 100 வகை. பச்சை முதுகு, சிவப்பு மார்பு, நீளமா தொங்குற வால் இறகோட கெட்ஸால்னு ஒரு பறவை இருக்கு. அதைப் பார்க்கறதுக்காகவே உலகத்தோட அந்தக் கோடியில இருந்து ஆட்கள் வர்றாங்க.

ஆனா இந்த எபிசோடோட நாயகன் பறவை இல்லை. ஆள்காட்டி விரல் அளவுகூட இல்லாத ஒரு தேரை.

பெயின்ட்ல முக்கி எடுத்த மாதிரி

ஜே சாவேஜ்னு ஓர் அமெரிக்க உயிரியலாளர். தவளை, பாம்பு ஆராய்ச்சியில பெரிய பேர். உள்ளூர் குவேக்கர்கள் மூலமா கேள்விப்பட்டு, 1964-ல இந்தத் தேரையைக் காட்டுல நேர்ல பார்த்தார். பார்த்ததும் நம்ப முடியலைன்னு எழுதியிருக்கார். யாரோ தேரையைப் பிடிச்சு எனாமல் பெயின்ட்ல முக்கி விட்டுட்டாங்களோன்னு சந்தேகப்பட்டாராம். உடம்பு முழுக்க ஒரே ஆரஞ்சு, ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஆனா அது ஆண் மட்டும்தான். பெண் தேரை கறுப்பு, மேல மஞ்சள் விளிம்பு வச்ச சிவப்புப் பொட்டுகள். ரெண்டும் ஒரே இனம்னு சொன்னா நம்பறதே கஷ்டம். 1967-ல அதுக்கு பூஃபோ பெரிக்ளெனெஸ்னு அறிவியல் பேர் வச்சார். எல்லாரும் கூப்பிட்ட பேர், தங்கத் தேரை.

ரெண்டு விஷயம் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். ஒண்ணு, இந்தத் தேரை உலகத்துல வேற எங்கயும் கிடையாது. மோன்தேவேர்தே உச்சிக்குப் பக்கத்துல, 10 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்துல மட்டும்தான். ஒரே சர்வர்ல ஓடுற, பேக்கப்பே இல்லாத சாஃப்ட்வேர் மாதிரி. ரெண்டு, வருஷத்துல பெரும்பகுதி அது மண்ணுக்கடியிலதான் இருக்கும். ஏப்ரல் வாக்குல முதல் மழை வரும்போது சில வாரம் மட்டும் வெளிய வரும். மர வேர்களுக்கு நடுவுல தேங்குற சின்னச் சின்னக் குட்டையில கூடி முட்டை போட்டுட்டு மறுபடி மறைஞ்சிடும்.

வேலி

1970 வாக்குல ஜார்ஜ் பவல்னு ஒரு மாணவர் பறவை ஆராய்ச்சிக்காக மோன்தேவேர்தே வந்தார். அந்தக் காலத்துல கோஸ்டா ரிக்கா முழுக்க மாட்டு மேய்ச்சலுக்காகக் காடு வேகமா அழிஞ்சுக்கிட்டிருந்தது. வேட்டைக்காரங்களும் நிலம் பிடிக்கறவங்களும் உச்சிக்காட்டை நோக்கி ஏறி வர்றதை பவல் நேர்லயே பார்த்தார். தங்கத் தேரை இருக்குற இடமும் போயிடும்னு புரிஞ்சது.

அவருக்குத் துணையா நின்னவர் வில்ஃபோர்ட் குயின்டன். ஊர்ல எல்லாரும் உல்ஃப்னு கூப்பிடுவாங்க. 1949-ல ஜெயிலுக்குப் போன நாலு பேர்ல இவரும் ஒருத்தர். அதுவரைக்கும் செயின்சா வச்சு மேய்ச்சலுக்காக மரம் வெட்டினவர். அதே ஆள் காட்டுக்குக் காவலாளியா மாறி, எல்லை வெட்டி, பாதை போட்டு, வாழ்நாள் முழுக்க அந்தக் காட்டைச் சுத்தி நடந்தார். 1972-ல 328 ஹெக்டேரோட ரிசர்வ் தொடங்கிச்சு. சான் ஹோசேயில இருந்த டிராப்பிக்கல் சயின்ஸ் சென்டர் பொறுப்பை ஏத்துக்கிச்சு. குவேக்கர்கள் விட்டுவச்ச 554 ஹெக்டேரும் இதோட சேர்ந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து 4,000 ஹெக்டேரைத் தாண்டிச்சு.

எல்லாமே சரியா நடந்தது. நிலம் வாங்கியாச்சு. சட்டப் பாதுகாப்பு இருக்கு. காவலுக்கு ஆள் இருக்கு. ஊர் ஆதரவு இருக்கு. சுற்றுலாப் பணமும் வர ஆரம்பிச்சது. ஒரு இயற்கைக் காப்பகம் எப்படி இருக்கணும்னு பாடம் எடுக்கலாம்.

1987

அந்த வருஷம் மார்த்தா கிரம்ப்ங்கற தவளை ஆராய்ச்சியாளர் மோன்தேவேர்தேயில இருந்தார். மழை தொடங்கினதும் தேரைகள் வெளிய வந்தன. அஞ்சு குட்டைகள்ல மொத்தம் 1,500-க்கும் மேல. இருட்டுக் காட்டுக்குள்ள ஆரஞ்சுப் பழத்தைக் கொட்டி வச்ச மாதிரி.

ஆனா அதுக்கப்புறம் மழை ஏமாத்திடுச்சு. 1986-87-ல வந்த எல் நினோவால அங்க வழக்கத்தைவிடக் கடுமையான வறட்சி. குட்டைகள் வத்தின. முட்டைகள் இலைச் சருகு மேல காய்ஞ்சு போச்சு. மழை திரும்ப வந்ததும் தேரைகள் மறுபடி முட்டை போட்டன, அந்தக் குட்டைகளும் வத்தின. அத்தனை தேரைகள் சேர்ந்தும், கடைசியில அந்தக் குட்டைகள்ல இருந்து தேறின தலைப்பிரட்டைகள் அதிகபட்சம் 29.

யாரும் ரொம்பக் கவலைப்படல. தவளை வாழ்க்கை அப்படித்தான். ஒரு வருஷம் கெட்டா அடுத்த வருஷம் நல்லாயிருக்கும்.

1988-ல மழை வந்தது. கிரம்ப் முக்கியமான குட்டைக்கிட்ட பார்த்தது ஒரே ஒரு ஆண் தேரை. சுத்துவட்டாரம் முழுக்கத் தேடினதுல இன்னும் சில. 1989 மே 15, ஒரே ஒரு ஆண். இணைக்காக வந்து குட்டைக்கிட்ட காத்திருக்கு, வேற யாரும் வரல. அதோட சரி. அதுக்கப்புறம் ஆராய்ச்சியாளர்கள் யாரும் தங்கத் தேரையைப் பதிவு செய்யவே இல்லை. கிரம்ப் குழுவோட அடுத்த கட்டுரைத் தலைப்பே ஒரு கேள்விதான்: மண்ணுக்கடியில இருக்கா, அழிஞ்சுபோச்சா? 2004-ல உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் "அழிந்தது"ன்னு அறிவிச்சது.

கணக்குப் போட்டுப் பாருங்க. அறிவியல் அதை முதல்ல பார்த்தது 1964. கடைசியாப் பார்த்தது 1989. இருபத்தஞ்சு வருஷ அறிமுகம்.

தேரை மட்டும் போகல. அந்த வட்டாரத்துல 30 சதுர கிலோமீட்டர்ல இருந்த 50 வகைத் தவளை, தேரைகள்ல 20 வகை அதே சமயத்துல காணாமப் போச்சு. ஒரு மரம்கூட வெட்டப்படாத இடத்துல.

ரூட் காஸ் என்ன?

சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கறவங்களுக்கு இந்த நிலைமை நல்லாப் புரியும். புரொடக்‌ஷன் விழுந்திருச்சு, கோடு யாரும் மாத்தல, லாகும் இல்லை. இப்போ காரணம் கண்டுபிடி. பத்து, இருபது வருஷம் விஞ்ஞானிகள் இதைத்தான் பண்ணாங்க.

முதல் சந்தேகம், மேகம். மோன்தேவேர்தேயிலேயே தங்கி ஆராய்ச்சி பண்ணின ஆலன் பவுண்ட்ஸும் அவர் குழுவும் 1999-ல நேச்சர் இதழ்ல ஒரு கட்டுரை எழுதினாங்க. 1970களின் நடுவுல இருந்தே மலையில மூடுபனி இல்லாத வறண்ட நாட்கள் கூடிக்கிட்டே வருது. பூமி சூடாகறதால மேகம் உருவாகற உயரம் மேல போகுது, காட்டுக்குள்ள நுழைய வேண்டிய மேகம் காட்டுக்கு மேல கடந்துபோகுதுன்னாங்க. கூடவே இன்னொரு கவனிப்பு: அடிவாரத்துல வாழ்ற ஒரு டூக்கான் பறவை மேல ஏறி வந்து கெட்ஸால் பக்கத்துலயே கூடு கட்டுது. பருவநிலை மாற்றத்தால அழிஞ்ச முதல் விலங்குன்னு தங்கத் தேரை போஸ்டர் ஆச்சு.

ரெண்டாவது சந்தேகம், நோய். 1998, 1999-லதான் கைட்ரிட்ங்கற பூஞ்சையை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டு பேர் வச்சாங்க. தவளைக்குத் தோல்ங்கறது வெறும் உறை இல்லை. தண்ணி குடிக்கறது, உப்புச் சமநிலை, மூச்சுல ஒரு பங்கு எல்லாமே தோல் வழியாத்தான். இந்தப் பூஞ்சை தோலைத் தாக்கினா உடம்புல உப்பு குறைஞ்சு, கடைசியில இதயமே நின்னுபோகும். இங்க கவனிங்க: தேரை போனது 1989. பூஞ்சைக்குப் பேர் வச்சது அதுக்குப் பத்து வருஷம் கழிச்சு. குட்டைக்கிட்ட நின்னு தேடினவங்களுக்கு எதைத் தேடணும்னே தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை.

மூணாவதா 2010-ல ஒரு திருப்பம். கெவின் அன்சுகைட்டிஸ், மைக்கேல் இவான்ஸ்னு ரெண்டு பேர் மோன்தேவேர்தே மரங்களையே சாட்சிக்குக் கூப்பிட்டாங்க. வெப்பமண்டல மரங்கள்ல பெரும்பாலும் தெளிவான ஆண்டு வளையம் இருக்காது. அதனால மரத்துக்குள்ள இருக்குற ஆக்சிஜன் ஐசோடோப்பை அளந்து, நூறு வருஷத்து ஈரக் கணக்கை எடுத்தாங்க. வந்த விடை: நூறு வருஷமா ஒரே சீரா வறண்டுக்கிட்டே போகல. ஆனா 1986-87 எல் நினோ வறட்சி, அந்த நூறு வருஷத்துலயே மிக மோசமானவற்றுல ஒண்ணு. தேரைகள் மிச்சமிருந்த ஈரத்தைத் தேடி நெருங்கிக் கூடினபோது, பூஞ்சை ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தொத்தியிருக்கணும்ங்கறது அவங்க வாதம்.

இன்னைக்கு பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் பூஞ்சையைத்தான் முதல் குற்றவாளியாப் பார்க்கறாங்க. வறட்சியும் சூடும் அதுக்கு எவ்வளவு கை கொடுத்துச்சுங்கறதுல விவாதம் முடியல. ரெண்டு பிராசஸ் தனித்தனியா ஓடினா பிரச்சினை இல்லை, ஒரே நேரத்துல மோதினா மட்டும் சிஸ்டம் விழும் இல்லையா? அந்த மாதிரி பக் இது. மேகம் ஏறிப்போறது பத்தின கவலையும் தீர்ந்துடல. அது தேரையோட வழக்குல குற்றவாளியா இல்லையாங்கறது ஒரு கேள்வி, காட்டோட எதிர்காலத்துக்கு ஆபத்தாங்கறது வேற கேள்வி.

இந்தப் பூஞ்சை எங்க இருந்து வந்தது? 2018-ல வந்த மரபணு ஆய்வு கிழக்கு ஆசியாவைக் கை காட்டுது. செல்லப் பிராணியாவும் சாப்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் தவளைகளைக் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பினோம் இல்லையா, அந்தப் பெட்டிகள்ல ஏறிப் பயணம் பண்ணியிருக்கு. உலக அளவுல குறைஞ்சது 501 தவளை, சாலமாண்டர் வகைகள் இதால குறைஞ்சிருக்கு, அதுல 90 வகை அழிஞ்சிருக்கலாம்னு 2019-ல கணக்குப் போட்டாங்க. நாம அறிஞ்ச எந்த நோயும் இத்தனை வகை உயிர்களை இழக்க வச்சதில்லை.

அப்போ வேலி வீணா?

வீணில்லை. வேலி எதைத் தடுக்கணுமோ அதைத் தடுத்தது. செயின்சா உள்ள வரல. துப்பாக்கி உள்ள வரல. 1972-ல அந்த 328 ஹெக்டேர் வாங்கப்படலைன்னா, தேரையோட சேர்த்து கெட்ஸாலும் ஆர்க்கிடும் போயிருக்கும். காடு நின்னதால, அழிஞ்சதா நினைச்ச ஒரு ஓடைத் தவளை 2007-ல மோன்தேவேர்தேயில மறுபடி கண்ணுல பட்டது. திரும்பி வர ஓர் இடம் இருந்ததாலதான் அது முடிஞ்சது.

ஆனா வேலிங்கறது ஃபயர்வால் மாதிரி. எந்த போர்ட்டை மூடணும்னு நமக்குத் தெரிஞ்சதோ, அதை மட்டும்தான் மூடும். காத்துல வர்ற சூட்டையும் தண்ணியில வர்ற பூஞ்சையையும் எல்லைக்கல் நட்டுத் தடுக்க முடியாது.

இதை பவலே வேற வழியில கண்டுபிடிச்சார். கெட்ஸால் பறவைகள் மேல ரேடியோ கருவி மாட்டிப் பின்தொடர்ந்தார். முட்டையிடற காலம் முடிஞ்சதும் அவை காட்டு அவகாடோ வகைப் பழங்களைத் தேடி ரிசர்வை விட்டே கீழ இறங்கிப் போகுது. வருஷத்துல பல மாசம், யாரோ ஒருத்தரோட பண்ணையில மிச்சமிருக்குற துண்டுக் காட்டுலதான் அதுக்குச் சாப்பாடு. நாம பறவைக்குக் கூடு கட்டுற அறையை மட்டும் பாதுகாத்துட்டு, சமையலறையை வெளிய விட்டுட்டோம். அதுக்கப்புறம்தான் அங்க பேச்சே மாறிச்சு. காப்பகத்தைச் சுத்தி இருக்குற பண்ணைகள்ல மரம் நடறது, துண்டுக் காடுகளை இணைக்கறதுன்னு.

அதே 1987-ல, தேரைகள் கடைசியாக் கூட்டமாக் கூடின அந்த வருஷத்துல, ஸ்வீடன்ல ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துல மழைக்காடு பத்தி வகுப்பு நடந்தது. ஒரு பையன் ஆசிரியைகிட்ட கேட்டான்: அந்தக் காட்டை நாமளே வாங்கிட்டா என்ன? பிள்ளைங்க பணம் சேர்த்தாங்க. அது நாடு நாடாப் பரவி, ரிசர்வுக்குப் பக்கத்துலயே "குழந்தைகளின் நிரந்தரக் காடு"ன்னு ஒண்ணு உருவாச்சு. இன்னைக்கு அது 22,000 ஹெக்டேருக்கும் மேல. மலை உச்சியில மட்டும் இல்லாம, சரிவுல கீழ வரைக்கும் நீளுது. சூடு கூடக்கூட உயிர்கள் மேலயும் கீழயும் நகர வழி வேணும்னா, இப்படி உயரம் உயரமா நீளுற காடுதான் உதவும்.

கடைசியா ஒரு சின்ன வேலை சொல்றேன். தவளை ஆராய்ச்சியாளர்கள் இன்னைக்கு ஒரு ஓடையில இருந்து இன்னொரு ஓடைக்குப் போறதுக்கு முன்னாடி பூட்ஸைத் தேச்சுக் கழுவி, கிருமிநாசினி அடிச்சு, காயவச்சிட்டுத்தான் போறாங்க. ஏன்னா பூஞ்சை ஈரச் சேத்துல ஒட்டிக்கிட்டுப் பயணம் பண்ணும். நீங்க எந்த மலைக்கு டிரெக்கிங் போனாலும், போன வாரத்துச் சேறு ஷூவுல இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. இருந்தா வீட்டுலயே கழுவிக் காயவச்சிட்டுக் கிளம்புங்க. அஞ்சு நிமிஷ வேலை. காட்டோட கேட்ல இருக்குற காவலாளியால செய்ய முடியாத வேலை அது.